எண்பதில் கூவி முப்பதில் ஊமையாகும் மணி: காரின் வேக எச்சரிக்கை ஒலி குறித்து ஒரு திறந்த மடல்

வாகனப் பாதுகாப்புத் தரவிதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும், அவ்விதிகளின்படி கார்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும்,

மூன்று வாரங்களுக்கு முன் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்கு நான்கு வரிகளில் ஒரு பதில் வந்தது. என் காரில் வேக எச்சரிக்கைக்காக ஒலிக்கும் பீப் ஓசை அரசு விதிப்படி அமைந்தது என்றும், அதை எக்காரணம் கொண்டும் நிறுத்த இயலாது என்றும், இது தொடர்பாக மேற்கொண்டு சேவை மையத்தை அணுக வேண்டாம் என்றும் அதில் எழுதியிருந்தது. அந்த ஓசையை நிறுத்தித் தருமாறு நான் கேட்கவே இல்லை. அதன் ஒலியளவைக் குறைக்க வழி உண்டா, நகருக்குள் ஓட்டும்போது 60-லும் எங்கள் தெருவுக்குள் நுழையும்போது 30-லும் அது ஒலிக்கும்படி அமைக்க முடியுமா என்றுதான் இரண்டு பக்கங்களில் கேட்டிருந்தேன். இன்னும் முன்னதாகவே என்னை எச்சரியுங்கள் என்று கேட்டவனுக்கு, எச்சரிக்கையிலிருந்து நழுவப் பார்க்கிறாய் என்ற தொனியில் பதில் வந்திருக்கிறது. நான் எழுதியதை அங்கே ஒருவரும் படிக்கவில்லை என்று தெரிந்துகொண்டேன். ஆகவே இம்முறை பலரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது என்பதை அறிந்தே எழுதுகிறேன். 2019 ஜூலை 1 முதல் தயாரிக்கப்படும் பயணிகள் கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை, முன்னிருக்கைகளுக்கான சீட் பெல்ட் நினைவூட்டி, பின்பக்கப் பார்க்கிங் சென்சார், வேக எச்சரிக்கை ஆகிய நான்கும் கட்டாயமாயின. ஏ.ஐ.எஸ். 145 என்ற தரவிதியின்படி, கார் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டினால் நிமிடத்துக்குக் குறைந்தது இரண்டு முறை பீப் ஒலிக்க வேண்டும். 120-ஐத் தாண்டினால் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நான்கில் மூன்றை மனமார வரவேற்கிறேன். நான்காவதன் நோக்கத்தையும் வரவேற்கிறேன். என் மனக்குறை அது நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியது.

நான் தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் குடியிருக்கிறேன். இந்தக் காரை 2021-இல் வாங்கினேன். திண்டிவனத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் தம்பி குடும்பத்தோடு இருக்கும் எங்கள் அம்மாவுக்கு 81 வயதாகிறது. மாதத்துக்கு இரண்டு முறையாவது அவரைச் சென்னைக்கு அழைத்து வந்து மருத்துவரிடம் காட்டி, மறுநாள் திரும்பக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, சிங்கப்பெருமாள் கோவில் என்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகவும் வேகம் என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை. பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்து செங்கல்பட்டும் பின்னால் போன பிறகுதான் சாலை கொஞ்சம் மூச்சு விடும். அங்கே 85, 90 என்று போவது சாகசம் அல்ல. சாலையோடு சேர்ந்து போவது, அவ்வளவே. கார்களுக்கு 100, கனரக வாகனங்களுக்கு 80 என்று எழுதிய பலகைகளைப் பார்த்துக்கொண்டேதான் அந்த வேகத்தில் போகிறேன்.

பலகை 100 என்கிறது. மீட்டர் 80-ஐத் தொட்டதுமே கார் கத்துகிறது. உண்மையில் அப்போது காரின் வேகம் 80 கூட இருப்பதில்லை. வேகமானி உள்ள வேகத்தைக் குறைத்துக் காட்டக் கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம் என்பது விதி. அதனால் என் காரின் மீட்டர் 80 காட்டும் நேரத்தில் கைப்பேசியின் வரைபடச் செயலி 76 என்கிறது. ஆக, கனரக லாரிக்கு அனுமதித்த வேகத்தைக்கூட எட்டாத ஒரு காருக்குள், குற்றம் செய்தவனை இடித்துரைப்பதுபோல ஓர் ஓசை நிமிடத்துக்கு இரண்டு முறை எழுகிறது. போன மாதம் ஒரு பயணத்தில், பின்னிருக்கையில் இருந்த என் மகள் விளையாட்டாக எண்ணிக்கொண்டே வந்தாள். பரனூருக்கும் அச்சிறுபாக்கத்தை அடுத்த ஆத்தூர் சுங்கச்சாவடிக்கும் இடையில் 58 முறை என்று கணக்குச் சொன்னாள். அந்த 58 முறையும் நான் சட்டத்தை மீறவில்லை.

அம்மா காதில் செவித்துணைக் கருவி அணிகிறார். முதுமையில் கேட்கும் திறன் குறைபவர்களுக்குப் பெரும்பாலும் கூர்மையான, உச்சத் தொனி ஓசைகள்தான் முதலில் மங்கும் என்றும், ஆகவே கருவி அந்தத் தொனிகளைத்தான் அதிகமாகப் பெருக்கித் தரும் என்றும் அவருக்குக் கருவி பொருத்தியவர் விளக்கினார். என் காரின் பீப் ஓசை சரியாக அந்த இடத்தில் போய்க் குத்துகிறது. முதல் சில பயணங்களில், "ஏன்டா, யாரோ மணி அடிக்கிறாங்களே, ஓரமா நிறுத்தேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஓசை வரும்போதெல்லாம் கண்ணை இறுக மூடித் திறந்தார். இப்போது செங்கல்பட்டு தாண்டியதும் கருவியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்கிறார். மகனோடு பேசிக்கொண்டு வருவதற்காகவே முன்னிருக்கையில் உட்காரும் ஒரு முதியவள், ஏறத்தாழ ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் வருகிறாள். இதை எந்தச் சோதனைக் கூடத்திலும் எவரும் அளந்திருக்க மாட்டீர்கள் என்பதற்காக எழுதுகிறேன்.

இந்தக் கூர்மை விதி கேட்ட கூர்மையும் அல்ல. என் அலுவலக நண்பர் ஒருவரிடம் வேறொரு நிறுவனத்தின் கார் இருக்கிறது. அதே விதி, அதே 80, அதே நிமிடத்துக்கு இரண்டு முறை. ஆனால் அவருடைய காரில் ஒலிப்பது மெல்லிய மணியோசை. பேச்சை அறுக்காது, காதில் மட்டும் விழும். என் காரில் ஒலிப்பது மைக்ரோவேவ் அடுப்பின் கீச்சொலி. எந்தத் தொனி, எவ்வளவு சத்தம் என்பதை ஏதோ ஒரு மேசையில் ஏதோ ஒரு பொறியாளர்தான் முடிவு செய்திருக்கிறார். அதற்கு அரசு விதியின் பின்னால் ஒளிந்துகொள்வது நியாயம் ஆகாது.

80-ஐத் தாண்டாமல் 79-இல் போனால் என்ன என்று கேட்பீர்கள். போய்ப் பார்த்தேன். கண் சாலையில் இருக்க வேண்டிய நேரமெல்லாம் மீட்டரில் இருந்தது. வலது தடத்தை விட்டு நகராத லாரி ஒன்றைக் கடக்கும்போது, கடப்பதை விரைவாக முடித்துக்கொள்வதே பாதுகாப்பு. அந்த ஆறேழு வினாடிகளில் சரியாக ஓசை எழுந்து கவனத்தைக் கிள்ளுகிறது. பின்னால் விரைவுப் பேருந்து ஒன்று ஹாரனில் கையை எடுக்காமல் வரும்; முன்னால் லாரி; உள்ளே பீப். சத்தத்திலேயே பிறந்து சத்தத்திலேயே வளரும் சென்னைவாசிக்கே இது அதிகப்படி.

நெடுஞ்சாலையை விட்டுவிட்டு நகருக்கு வருகிறேன். என் மனக்குறையின் நடுப்புள்ளி இங்கேதான் இருக்கிறது.

2023 நவம்பரில் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை நகருக்கான வேக வரம்புகளைத் திருத்தி அறிவித்தது: இலகுரக வாகனங்களுக்கு 60, கனரக வாகனங்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லா வாகனங்களுக்கும் 30. இந்த நான்கு எண்களில் ஒன்றைக்கூட என் கார் அறியாது. எங்கள் தெருவில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கிறது. காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகள் முதுகில் பையும் கையில் தண்ணீர்ப் பாட்டிலுமாகத் தெருவின் நடுவில்தான் நடப்பார்கள், ஏனென்றால் ஓரத்தில் நடக்க இடம் கிடையாது. நிறுத்தி வைத்த கார்கள் நிற்கின்றன, என்னுடையதும் சேர்த்து. அந்தத் தெருவில் ஒருவன் 60-இல் போனால் அந்த 30-ஐப் போல இரண்டு மடங்கு. வினாடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர். பிரேக்கை மிதித்த பிறகு நிற்க ஆகும் தூரம், 30-இல் போகும்போது ஆவதைப் போல நான்கு மடங்கு. கார் வாயைத் திறக்காது. வேளச்சேரி சாலையில் ஒருவன் 78-இல் பறந்தாலும் கார் வாயைத் திறக்காது. அதே காரை மேல்மருவத்தூருக்கு முன்னால் ஆளரவமற்ற நான்குவழிச் சாலையில், நடுவில் தடுப்பு இருக்க, பட்டப்பகலில் 82-இல் ஓட்டினால் கத்தும்.

ஆபத்து உள்ள இடத்தில் ஊமையாகவும் ஆபத்து குறைந்த இடத்தில் வாயாடியாகவும் இருக்கும் ஒன்றை வேக எச்சரிக்கை என்று எப்படி அழைப்பது? அது வேகத்தை அளக்கிறது, உண்மைதான். சாலையை அளக்கவில்லை. சாலையைச் சேர்க்காமல் வேகம் மட்டும் தனியாக அதிகமாகவோ குறைவாகவோ இருக்க முடியாது.

சாலையின் எண்ணும் நிலையாக நிற்பதில்லை. 2018-இல் மத்திய அரசு ஓர் அறிவிப்பின் மூலம் விரைவுச்சாலைகளில் கார்களுக்கு 120 என்றும், நடுத்தடுப்பு கொண்ட நான்குவழிச் சாலைகளில் 100 என்றும் உச்சவரம்பு வகுத்தது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. நகர வரம்பை 2023-இல் காவல்துறை மாற்றியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவே, குறிப்பிட்ட பகுதிகளுக்கும் சாலைகளுக்கும் வெவ்வேறு வரம்புகளை வகுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. வரம்புகள் இடத்துக்கு இடம் வேறுபடும், காலத்துக்குக் காலம் மாறும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். காரின் மீட்டருக்குள் 80, 120 என்று இரண்டு எண்களை ஒரே முறையாக எழுதிப் பூட்டியவர்கள் மட்டும் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது என் மீது இருக்கும் தவறையும் சொல்லிவிடுகிறேன்; சொல்லாமல் விட்டால் இந்த மடலுக்கு நேர்மை இல்லை.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். 88-இல் போய்க்கொண்டிருந்தபோது பீப் ஒலித்தது. அதுவரை சில ஆயிரம் முறை கேட்டுச் செவிடாகிப் போன ஓசை; நான் மீட்டரைக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஸ்டீயரிங் இடது பக்கமாக இழுத்தது. ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது, முன் இடது டயர் ரிம்மோடு ரிம்மாகத் தரையில் ஒட்டிக் கிடந்தது. அந்த பீப், வேகத்துக்காக அல்ல. டயரில் காற்று குறைகிறது என்பதற்காக. இரண்டுக்கும் ஒரே தொனி, ஒரே சத்தம். சிவப்பும் மஞ்சளுமாக எத்தனையோ விளக்குகள் மீட்டரில் இருக்க, எதற்காக ஒலிக்கிறது என்று தேடிப் பார்க்கும் பழக்கத்தையே அந்த ஓசை என்னிடமிருந்து கழற்றி எடுத்துவிட்டிருந்தது. மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கும் என் அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். ஓயாமல் ஒலிக்கும் கருவிகளின் நடுவில் வேலை செய்பவர்களுக்கு எச்சரிக்கை ஒலியே காதில் ஏறாமல் போவது அவர்கள் துறையில் நன்கு அறிந்த ஆபத்து என்றும், அதைக் குறைப்பதற்கென்றே தங்களுக்குப் பயிற்சி உண்டு என்றும் சொன்னாள்.

டயர் மாற்றிய கையோடு சேவை மையத்துக்குப் போனேன். வேக ஓசைக்கும் டயர் ஓசைக்கும் வேறு வேறு தொனி வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்கள். என்னைக் காருக்கு அருகே அழைத்து வந்த இளைஞர் ஒருவர், குரலைத் தாழ்த்தி, "சார், ஜி.பி. ரோட்ல கேட்டுப் பாருங்க, பஸ்ஸரையே எடுத்துக் குடுப்பாங்க" என்றார்.

அண்ணா சாலையை ஒட்டிய அந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் உதிரிப் பொருள் வாங்காத சென்னைக்காரர் குறைவு. ஒரு கடையில் 2,500 ரூபாய் கேட்டார்கள். 1,800-க்குப் பேசி முடித்தேன். முக்கால் மணி நேரத்தில் மீட்டரைக் கழற்றி, உள்ளே இருந்த சுண்டைக்காய் அளவு பஸ்ஸரை எடுத்துவிட்டு, மீண்டும் பொருத்திக் கொடுத்தார்கள். அன்று திண்டிவனம் போய் வந்தது எனக்கு நினைவிருக்கும் மிக அமைதியான பயணம். அம்மா கருவியைக் கழற்றவில்லை. தம்பி பெண்ணின் படிப்பைப் பற்றி, மோட்டார் கொட்டகைக்கு வந்த மின் கட்டணத்தைப் பற்றி, யார் யாரோ செத்துப் போனதைப் பற்றியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

அந்த அமைதிக்கு என்ன விலை என்பது அடுத்த வாரம் தெரிந்தது. என் காரில் எல்லா எச்சரிக்கைகளுக்கும் அந்த ஒரே பஸ்ஸர்தான். சீட் பெல்ட் போடாமல் கிளம்பினால் ஓசை இல்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் ஓசை இல்லை. முகப்பு விளக்கை அணைக்காமல் இறங்கினால் ஓசை இல்லை; ஒரு திங்கட்கிழமை காலை பேட்டரி தீர்ந்து கார் கிளம்ப மறுத்தது. பின்பக்கப் பார்க்கிங் சென்சாருக்கும் ஓசை இல்லை என்பதை, எங்கள் வாசலிலிருந்து பின்னால் எடுக்கும்போது எதிர்வீட்டுப் பையனின் சைக்கிள் மீது ஏற்றிய பிறகுதான் அறிந்தேன். சைக்கிளில் பையன் இல்லை. அவன் அதை அப்போதுதான் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தான் என்று அவன் அம்மா சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுவாரமே பழையபடி ஆக்கித் தருமாறு சேவை மையத்துக்குப் போனேன். மீட்டரைப் பிரித்திருப்பதால் அந்தப் பகுதிக்கான உத்தரவாதம் போய்விட்டது என்றும், ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்ட முயன்றதாகச் சந்தேகம் எழலாம் என்றும், புது மீட்டர்தான் போட வேண்டும் என்றும் சொன்னார்கள். 19,000 ரூபாய் கட்டினேன். வாகனத்தில் அனுமதியில்லாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ விதிக்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு சொல்வதையும் பிறகுதான் படித்தேன். நான் செய்தது தவறு. அதற்கு வேறு பெயர் இல்லை.

ஆனால் அந்தக் கடையில் எனக்கு முன்னால் இருவர் இதே வேலைக்காகக் காத்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சீட் பெல்ட் கொக்கியில் செருகி ஓசையை ஏமாற்றும் இரும்பு நாக்குகள் இணைய விற்பனைத் தளங்களில் எப்படி விற்றன என்பது உங்களுக்குத் தெரியும்; 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் நடவடிக்கையால் அத்தகைய 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. அவற்றை வாங்கியவர்கள் பிழை செய்தவர்கள்தான். என்றாலும், தேவையற்ற இடத்தில் ஒலித்து ஒலித்து வெறுப்பை ஊட்டும் ஓர் ஓசை, தேவையான ஓசையின் மதிப்பையும் சேர்த்துக் கெடுக்கிறது. வேக ஓசையையும் சீட் பெல்ட் ஓசையையும் ஒரே பஸ்ஸரில் கட்டியபோது, ஒன்றின் மீதான எரிச்சல் மற்றொன்றின் உயிரை எடுக்கும் என்பதை நீங்கள் முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும்.

இதற்கு நீங்கள் விபத்துக் கணக்கைக் காட்டுவீர்கள். அந்தக் கணக்கை நானும் படித்திருக்கிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 71 விழுக்காட்டுக்கு மேற்பட்டோரின் சாவுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாகியிருக்கிறது. அந்த ஆண்டு நாட்டிலேயே மிக அதிகமாக, 64,105 விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில். சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். இந்த எண்களைப் படித்துவிட்டு எச்சரிக்கையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இந்த ஓசை கட்டாயமான 2019-இல், அந்த ஆண்டுக்கான அறிக்கைப்படி, இறந்தவர்கள் 1,51,113 பேர். மூன்று ஆண்டுகளில் எண் கூடியிருக்கிறது. ஓசையால் கூடியது என்று நான் சொல்லவில்லை, அது அபத்தம். வண்டிகள் பெருகின, சாலைகள் பெருகின, சாலையில் இருக்கும் கார்களில் பெரும்பகுதி பழையவை. ஆனால் ஓசையால் யாருடைய வேகமாவது குறைந்ததா என்பதை அளந்து மக்கள் முன் வைக்க வேண்டியது அதைக் கட்டாயமாக்கியவர்களின் கடமை.

வெளிநாடுகளில் என்ன செய்தார்கள் என்பதும் உங்களுக்குப் புதிதல்ல. ஜப்பானில் 1970-களில் 100-ஐத் தாண்டினால் மணி அடிக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கி, 1986-இல் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள். வளைகுடா நாடுகளில் விற்கும் கார்களில் 120-இல் மணி அடிக்கும்; துபாயில் இருக்கும் என் மைத்துனர் அதைப் பற்றி முணுமுணுப்பார், ஆனால் அங்குள்ள பெரிய நெடுஞ்சாலைகளின் வரம்புக்கு அருகிலாவது அந்த எண் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூலை முதல் புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் வேறொரு முறையைக் கட்டாயமாக்கியது: கேமரா சாலையோரப் பலகையைப் படித்தோ, வரைபடத்திலிருந்து எடுத்தோ, அந்தச் சாலையின் வரம்பைக் கார் அறிந்துகொண்டு, அதைத் தாண்டினால் மட்டும் எச்சரிக்கும். ஓட்டுநர் அதை அணைத்து வைக்கலாம். மறுமுறை காரைக் கிளப்பும்போது அது தானாகவே மீண்டும் விழித்துக்கொள்ளும். பலகையைத் தவறாகப் படிக்கிறது என்று அங்கும் புகார்கள் உண்டு. நம் ஊர்ப் பலகைகளின் மீது ஒட்டும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளை எந்தக் கேமராவும் படித்து முடிக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் நோக்கம் சரியாக இருக்கிறது: சாலையைக் கேட்டுவிட்டுப் பேசுகிறது. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்களைத் தயாரித்து உலகுக்கே அனுப்பும் ஊர் இது; நமக்கான காருக்கு அந்த அளவு அறிவைத் தர முடியாது என்று சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

கார் நிறுவனங்களிடம் முதலில். வேக எச்சரிக்கையின் ஒலியளவையும் தொனியையும் விதிக்கு உட்பட்டு ஓட்டுநர் தேர்ந்தெடுக்க வழி செய்யுங்கள். ஏற்கெனவே விற்ற கார்களில் மென்பொருளால் முடிந்தவரை அதை அடுத்த சர்வீஸின்போது கட்டணமின்றிச் செய்து தாருங்கள். டயர் காற்று, இயந்திரச் சூடு, பிரேக் போன்ற உண்மையான அபாயங்களின் ஓசையையும் வேக ஓசையையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வேறு என்று தெரியும்படி பிரியுங்கள். ஓட்டுநரே 30, 50, 60 என்று தன் எச்சரிக்கை வேகத்தைக் குறித்துக்கொள்ளும் வசதி என் காரின் விலை கூடிய வகையில் இருக்கிறது, நான் வாங்கிய வகையில் இல்லை. பாதுகாப்பு வசதியை இருக்கைத் துணியைப் போல விலைக்கேற்பப் பிரித்து விற்காமல், எல்லா வகைகளிலும் அதைக் கொடுங்கள். வெளிக் கடையில் பஸ்ஸரை எடுத்துவிட்டவர்கள் திரும்பி வந்தால், அவர்களைக் குற்றவாளியாகப் பார்க்காமல், பஸ்ஸரை மட்டும் பொருத்தித் தரும் குறைந்த செலவு வழி ஒன்றைத் திறந்து வையுங்கள். முழு மீட்டரையும் மாற்ற வேண்டும் என்றால் பெரும்பாலோர் வரமாட்டார்கள். அந்தக் கார்கள் ஊமையாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

விதி வகுப்பவர்களிடம் நான் கேட்பது: 120-க்கு மேல் ஓயாமல் ஒலிப்பதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 80-க்கான கட்டத்தில், தாண்டும்போது ஒருமுறை ஒலித்துவிட்டு, பிறகு மீட்டரில் விளக்கு மட்டும் எரிந்தால் போதும் என்று ஏ.ஐ.எஸ். 145-ஐத் திருத்துங்கள். சாலையின் வரம்பை அறிந்து எச்சரிக்கும் முறையைப் பொருத்தும் கார்களுக்கு, நிலையான 80-இலிருந்து விலக்கு அளியுங்கள். அந்த முறை 30 வரம்புள்ள தெருவில் 31-இலேயே ஒலிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், நான் ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன். அதற்கு அடிப்படையாக, மாநிலக் காவல்துறையும் நெடுஞ்சாலைத் துறைகளும் வகுத்த வரம்புகளைச் சாலைவாரியாக, கார்களும் வரைபடச் செயலிகளும் நேரடியாக எடுத்துக்கொள்ளும் வடிவில் வெளியிடச் செய்யுங்கள். செவித்துணைக் கருவி அணிபவர்களை உட்கார வைத்து இந்த ஓசைகளை ஒருமுறையாவது சோதித்துப் பாருங்கள். 2019 முதல் இன்றுவரை இந்த ஓசை என்ன பயன் தந்தது என்று ஆராய்ந்து, முடிவு எதுவாயினும் வெளியிடுங்கள்.

இறுதியாக, எனக்கு நான்கு வரிப் பதில் அனுப்பிய நிறுவனத்திடம் தனியாக ஒன்று கேட்கிறேன். என் முதல் கடிதத்தின் இரண்டு பக்கங்களையும் இன்னொரு முறை எடுத்துப் படியுங்கள். அம்மாவுக்கு அடுத்த மருத்துவர் நாள் வரும் 22-ஆம் தேதி. அதற்குள் ஒலியளவையாவது குறைத்துத் தர முடியுமா, முடியாதா என்று, அதற்குரிய பொறியாளர் ஒருவரின் பெயரோடு எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கார் உரிமையாளர்,
சிட்லபாக்கம், சென்னை